கம்பூட்ஸ் ஒழுகுகிறதா, கடிக்கிறதா, கழற்ற வரவில்லையா?

எங்கள் வேலையிடத்தில் நாற்பது ஜோடி ரப்பர் பூட்ஸ் இருக்கின்றன. அவற்றை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு வந்த அன்று நான் விடுப்பு. மறுநாள் வந்து பார்த்தால் அலமாரிச் சாவி என் மேசையில் இருந்தது. அன்றிலிருந்து ஆறு வருடமாக ஒரே மாதிரிப் புகார்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் முதலிடம் "ஒழுகுது, வேற குடுங்க" என்பதற்குத்தான். அப்படிச் சொல்லித் திரும்பி வரும் பூட்ஸில் பாதிக்கு மேல் ஒழுகுவதே இல்லை. நிஜமாக ஒழுகுகிறவற்றிலும் பல, யாரோ கைக்குக் கிடைத்த பசையைப் பூசிக் கெடுத்து வைத்தவை.

அதனால் இரண்டு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன். ஓட்டையைக் கண்ணால் பார்க்கும்வரை பசை டியூப்பைத் திறக்கக் கூடாது. பூட்ஸ் எதனால் ஆனது என்று தெரியும்வரை பசை வாங்கவே போகக் கூடாது. மற்றபடி உங்கள் பூட்ஸ் காட்டும் குறி கீழே எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் கடைசியில்.

## எதற்கும் முன்னால்: கையில் இருப்பது ரப்பரா, பிவிசியா?

பெயரை நம்ப வேண்டாம். கம்பூட்ஸில் இருக்கும் 'கம்' ரப்பர் மரத்துப் பாலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். வெலிங்டன் என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபு தனக்கென்று தைக்கச் சொன்னது தோல் பூட்ஸ். சார்லஸ் குட்இயர் 1844இல் வல்கனைசிங் முறைக்கு, அதாவது ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு, காப்புரிமை வாங்கி, ரப்பர் வெயிலில் இளகாமல் குளிரில் வெடிக்காமல் நின்ற பிறகுதான், 1853இல் ஹிரம் ஹட்சின்சன் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். இன்றைக்கு ரப்பர் பூட்ஸ் என்று எடுத்துக் கொடுக்கப்படுவதில் நிறைய பிவிசி, அதாவது பிளாஸ்டிக். வாயில் ரப்பர், காலில் பிளாஸ்டிக். பேச்சில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. பசை போடும்போது கெட்டுப்போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். பிவிசியில் முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. மற்றபடி எல்லாம் ஒரே வார்ப்பு. சிலவற்றின் சோலில் முக்கோணத்துக்குள் 3 என்ற எண்ணும் இருக்கும்.

இயற்கை ரப்பர் பூட்ஸ் துண்டு துண்டாக ஒட்டி, அப்புறம் சூட்டில் வேகவைத்தது. சோலைச் சுற்றி ஒரு பட்டை, குதிகால் மேல் ஒரு துண்டு, மூக்கின் (விரல் பக்க நுனியின்) மேல் ஒரு துண்டு என்று விளிம்புகள் விரலுக்குத் தட்டுப்படும். கசக்கினால் மெத்தென்று மடங்கி உடனே நிமிரும்.

மூன்றாவது, பாலியூரித்தேன். இதுவும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். கையில் எடுத்ததுமே 'இவ்வளவு லேசா' என்று தோன்றும். இதன் கதை கடைசியில் வருகிறது.

இன்னொன்று. தமிழில் 'பூட்ஸ்' ஒருமையா பன்மையா என்று யாரும் கவலைப்படுவதில்லை. "பூட்ஸ் ஒழுகுது" என்று ஒருவர் வந்தால், ஜோடியுமா அல்லது ஒற்றையா என்று நான் திருப்பிக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. முதல் பிரிவே அதில்தான் இருக்கிறது.

## குறி 1: உள்ளே ஈரம்

### இரண்டு காலிலும், ஏறக்குறைய ஒரே அளவு ஈரம்

வியர்வை. பத்துக்கு ஒன்பது முறை வியர்வைதான். இரண்டு பூட்ஸிலும் ஒரே நாளில் ஒரே அளவில் ஓட்டை விழுவது நடக்கிற காரியமில்லை. தண்ணீரை உள்ளே விடாத பொருள் வியர்வையை வெளியேயும் விடாது. அது துணியில் ஊறி, சாக்ஸில் ஊறி, சாயங்காலம் 'சளக் சளக்' என்று சத்தம் போடும்.

நம்ப மறுப்பவர்களுக்கு நான் வைக்கும் சோதனை இது. பூட்ஸை இரண்டு நாள் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த சாக்ஸோடு போட்டுக்கொண்டு, காய்ந்த தரையில் மட்டும் மூன்று மணி நேரம் வேலை பாருங்கள். தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. கழற்றும்போது சாக்ஸ் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீர் உங்களுடையது. ஒருமுறை ஒருவர் இந்தச் சோதனையை முடித்துவிட்டு, சாக்ஸை முகர்ந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்ய வேண்டியது: முதலில் பருத்தி சாக்ஸை மாற்றுங்கள். பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை கலந்த சாக்ஸ் போட்டு, நடுப்பகலில் ஒருமுறை மாற்றினாலே பாதிப் புகார் ஓய்ந்துவிடும். இன்சோல் கழற்ற வருகிற மாதிரி இருந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். பூட்ஸே இரண்டு ஜோடி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். இதற்கு மேல் செலவு செய்ய ஒன்றும் இல்லை.

### கெண்டைக்காலில் தொடங்கி கீழே இறங்கும் ஈரம்

மேல்வழியாக வருகிறது. கழற்றியதும் சாக்ஸைப் பாருங்கள்: மேலே வளையமாக நனைந்து பாதத்தில் குறைவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, பேன்ட்டை பூட்ஸுக்குள் விட்டிருக்கிறீர்கள். மழை பேன்ட்டில் வழிந்து நேராக உள்ளே போகிறது. மழைக்கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே தொங்கவிடுங்கள். இரண்டு, சாக்ஸ் பூட்ஸ் வாய்க்கு மேலே எட்டிப் பார்க்கிறது. விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல அது தண்ணீரை உள்ளே இழுக்கிறது. சாக்ஸைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், அல்லது அதன் மேல் கால்சட்டை மூடும்படி பாருங்கள்.

ஓடும் தண்ணீரில் இறங்கி மேல்வழியாக நிரம்பினால், அது பூட்ஸின் கோளாறு இல்லை. பூட்ஸ் உயரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் ஓடுகிற இடத்தில் இறங்காதீர்கள். நிரம்பிய பூட்ஸோடு கரையேறுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை பட்டால்தான் தெரியும், பட வேண்டாம்.

### ஒற்றைக் காலில், ஒரே இடத்தில்

இப்போது ஒழுகல் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்துணி எங்கே ஈரமாக இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். துணி தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். குதிகாலில் ஓட்டை இருக்க, விரல் பக்கம் ஈரம் தெரியும்.

சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும். பூட்ஸின் வாயை அழுத்தி மூடி, பற்பசை டியூப்பைச் சுருட்டுவது போல மேலிருந்து இரண்டு மூன்று சுருட்டு சுருட்டுங்கள். உள்ளே காற்று அடைபட்டு மூக்குப் பகுதி புடைக்கும். சுருட்டிய இடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பூட்ஸை வாளித் தண்ணீரில் அமுக்கி, மெதுவாக நெருக்குங்கள். வெளியே ஒட்டியிருந்த காற்று முதலில் பெரிய பெரிய குமிழாகப் போகும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது அடங்கிய பிறகு ஒரே புள்ளியிலிருந்து பொடிப்பொடியாக, வரிசையாக, விடாமல் ஒரு சரம் கிளம்பும். அதுதான். ஈரத்தில் பேனா பிடிக்காது என்பதால், பக்கத்தில் ஒருவர் நின்று அந்த இடத்தைத் துடைத்து மார்க்கரில் வட்டம் போட்டால் வசதி.

பிவிசி விறைப்பாக இருந்தால் சுருட்ட வராது. அப்போது இருட்டறையில் பூட்ஸுக்குள் டார்ச்சை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். கறுப்பு பூட்ஸிலும் ஊசிமுனை ஓட்டை நட்சத்திரம் போலத் தெரியும், உள்துணி தடிமனாக இல்லாதவரை. இரண்டும் சரிப்படவில்லை என்றால் கடைசி வழி: பூட்ஸில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்த தாள் மேல் அரைமணி நேரம் நிறுத்துங்கள். இதை ஏன் கடைசியில் சொல்கிறேன் என்றால், கண்டுபிடித்த பிறகு உள்துணி காய இரண்டு மூன்று நாள் ஆகும்.

தேட வேண்டிய இடங்களை என் அனுபவ வரிசையில் சொல்கிறேன். நடக்கும்போது மடங்கும் புறங்கால் மடிப்பு முதலிடம். அடுத்தது குதிகாலின் பின்பக்கம். மறு காலால் மிதித்துக் கழற்றுகிறவர்களின் பூட்ஸில் அங்கேதான் பட்டை பிரியும். பிறகு சோலும் மேல்பகுதியும் சேரும் விளிம்பு. கடைசியாக சோலிலேயே ஆணி அல்லது முள் குத்திய ஓட்டை. ஆணி இன்னும் இருந்தால் பிடுங்குவதற்கு முன் சுற்றிலும் வட்டம் போட்டுவிடுங்கள். பிடுங்கியதும் ரப்பர் மூடிக்கொண்டு இடம் தெரியாமல் போகும். ஆணி காலில் ஏறியிருந்தால் பூட்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டெட்டனஸ் ஊசி போட மருத்துவரிடம் போங்கள்.

### ஓட்டை கிடைத்துவிட்டது, எப்படி ஒட்டுவது?

நான் ஒட்டிய முதல் பூட்ஸ் பிவிசி என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பூசி, பேட்ச் வைத்து, சுத்தியால் தட்டி, பெருமையாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த பேட்ச் ஸ்டிக்கர் உரிவது போல முழுசாக உரிந்து என் மேசைக்கு வந்தது. பூட்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. பசை அதைத் தொடவே இல்லை.

இயற்கை ரப்பர் என்றால் பஞ்சர் சொல்யூஷனும் டியூப் பேட்ச்சும் அருமையாக ஒட்டும். பிவிசிக்கு, காற்றடைத்த மெத்தையும் நீச்சல் குள விரிப்பும் ஒட்ட விற்கும் வினைல் பசையும், அதே பிவிசித் துண்டும் வேண்டும். எது என்று முடிவு செய்ய முடியாத பூட்ஸுக்கு, ஷூ பழுதுக்கென்று வரும் பாலியூரித்தேன் பசை ஓரளவு இரண்டுக்கும் பொருந்தும். சூப்பர் க்ளூ எதற்கும் வேண்டாம். ஒரு நிமிடத்தில் பிடிக்கும், காய்ந்ததும் கண்ணாடி போல ஆகும், நான்கு எட்டு வைத்ததும் மடிப்பில் உடையும். உடையும்போது பக்கத்து ரப்பரையும் கிழித்துக்கொண்டு போகும்.

செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதான். உள்துணி அடிவரை காய்ந்திருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பேட்ச்சுக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு, நடக்க நடக்க அதைத் தூக்கிவிடும். ஓட்டையைச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு முழுதும் போய் மங்கலாக வேண்டும். ஸ்பிரிட் தொட்ட துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, அதன் பிறகு அந்த இடத்தில் விரல் வைக்காதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய் போதும் பசையைக் கெடுக்க. பூட்ஸிலும் பேட்ச்சிலும் மெல்லிசாகப் பசை பூசி, தொட்டால் ஒட்டும் ஆனால் விரலில் வராது என்ற பதத்துக்குக் காத்திருங்கள். டியூப்பில் வேறு நேரம் போட்டிருந்தால் அதைக் கேளுங்கள், என்னை அல்ல. பேட்ச்சின் மூலைகளை வட்டமாக வெட்டியிருக்க வேண்டும். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். உள்ளே ஒரு கட்டை கொடுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, ஒரு நாள் முழுதும் பாரம் வைத்துவிடுங்கள்.

### எப்போது கைவிடுவது, யாரிடம் கொடுப்பது?

ஓட்டை ஊசிமுனை, அல்லது நகத்தின் அகலத்துக்குள் என்றால் ஒட்டலாம். புறங்கால் மடிப்பில் கட்டைவிரல் நீளத்துக்கு வெடிப்பு, அல்லது அங்கங்கே பொடி வெடிப்புகள் என்றால் ஒட்டினாலும் நிற்காது. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் திறக்கும். சோல் விளிம்பு நீளமாகப் பிரிந்திருந்தால் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து, அழுத்தி ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஊசியால் தைக்க மட்டும் விடாதீர்கள். தைத்த ஒவ்வொரு துளையும் ஒரு புது ஓட்டை.

பாதுகாப்பு பூட்ஸ் என்றால் கதையே வேறு. ஐஎஸ்ஓ 20345 (பாதுகாப்புக் காலணிக்கான சர்வதேசத் தர எண்) என்றும், எஸ்4 அல்லது எஸ்5 என்று அதன் வகையும் அச்சிட்டிருந்தால், அது இரும்பு மூக்கோ அதற்குச் சமமான வேறு மூக்கோ வைத்து, 200 ஜூல் அடி தாங்கும் என்று சோதித்துத் தந்தது. எஸ்5இல் ஆணி ஏறாத தகடும் உண்டு. ரசாயனம், மரம் அறுக்கும் இயந்திரம் இவற்றுக்கென்று வரும் பூட்ஸும் இதே வகையில் சேர்த்தி. இவற்றை வீட்டில் ஒட்டி அதே வேலைக்குப் போடக் கூடாது. வேலையிடத்துப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மூக்கின் மேல் கனமாக ஏதாவது விழுந்திருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

சாக்கடை, வெள்ளம், எலி நடமாட்டம் உள்ள சேறு என்று இறங்குகிறவர்கள் சிறு ஒழுகலையும் 'இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்' என்று விடாதீர்கள். காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அதுவே வாசல். இறங்கியதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், எங்கே இறங்கினீர்கள் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## குறி 2: மேலே வெள்ளைப் பூச்சு

பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதறி வருவார்கள். இயற்கை ரப்பரில் இது வழக்கமாக நடப்பதுதான். ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் கந்தகமும் மெல்ல மேலே வந்து பூத்து நிற்கின்றன. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். போய், சில வாரத்தில் திரும்ப வந்தால் அதுதான். கெடுதல் இல்லை. அந்த மெழுகு வெடிப்பைத் தடுக்கத்தான் சேர்க்கப்படுகிறது என்பதால், விழாவுக்குப் போகாத பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பது எனக்குப் பிடிக்காது. பளபளப்பு வேண்டும் என்றால் சிலிக்கான் ஸ்பிரே போதும். எண்ணெய் தடவினால் ஒரு நாள் மின்னும், அப்புறம் ரப்பரை ஊதவைக்கும்.

வெள்ளை உள்ளே துணியில் இருந்து, முகர்ந்தால் பூசண வாடை அடித்தால் அது நிஜமான பூஞ்சை. குறி 4க்குப் போங்கள்.

## குறி 3: விறைப்பு, வெடிப்பு, அல்லது பிசுபிசுப்பு

மடிப்பில் பொடி வெடிப்புகள்: ரப்பரை வெயிலும் ஓசோனும் தின்ற அடையாளம். ஓசோன் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். ஓடும் மோட்டாருக்கும் வெல்டிங்குக்கும் பக்கத்திலேயே அது உண்டாகும். எங்கள் அலமாரி முதலில் ஒரு கம்ப்ரசருக்குப் பக்கத்தில் இருந்தது. இடம் மாற்றிய பிறகு வெடிப்புப் புகார் வெகுவாகக் குறைந்தது. வந்துவிட்ட வெடிப்பு போகாது. பூட்ஸை மடித்து வைக்காமல் நிமிர்த்தி, இருட்டில் வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

பிவிசி கட்டையாக விறைத்துப் போவது: குளிரென்றால், அறைக்குள் கொண்டுவந்ததும் இளகும். இளகவில்லை என்றால் அதை மிருதுவாக வைத்திருந்த பொருள் வருடக்கணக்கில் வெளியேறிவிட்டது. மருந்தில்லை.

பிசுபிசுப்பு: கடைசியாக எதில் மிதித்தீர்கள் என்று யோசியுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் எல்லாம் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கும். சோப்புத் தண்ணீரில் அன்றைக்கே கழுவினால் பிழைக்கும். அந்த இடம் தடித்து மெத்தென்று ஆகிவிட்டால் முடிந்தது. எண்ணெய் புழங்கும் இடத்தில் நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) கலந்த பூட்ஸ் போடுங்கள்.

## குறி 4: நாற்றம்

கழுவாமல் வாசனைத் திரவியம் அடிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. முதலில் இன்சோலை வெளியே எடுங்கள். நாற்றத்தில் பெரும்பகுதி அங்கேதான் குடியிருக்கிறது. அதைத் தனியாகவும், பூட்ஸின் உட்புறத்தைத் தனியாகவும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பிளீச்சை நேராக ஊற்ற வேண்டாம், துணியும் ரப்பரும் இரண்டும் கெடும்.

கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்து மாற்ற வேண்டும். ராத்திரி திணித்துவிட்டுக் காலையில் எடுப்பவர், ஈரத்தாளை உள்ளே பூட்டி வைத்தவர். பிறகு மின்விசிறிக்கு எதிரில் படுக்கவைத்து, காற்று உள்ளே போகும்படி வையுங்கள். ஹீட்டர், அடுப்பு, உச்சிவெயில் எதுவும் கூடாது. பிவிசி நெளியும், ரப்பர் வெடிக்கும். காய்ந்த பூட்ஸில் ஒரு கைப்பிடி சோடா உப்பு போட்டு ஒரு ராத்திரி வைத்துக் கொட்டிவிட்டால் மிச்ச வாடையும் அடங்கும். இதற்கும் மசியாத இன்சோலைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள்.

பூட்ஸ் சுத்தமாகியும் காலில் வாடை இருந்தால், விரலிடுக்கில் பாருங்கள். வெளுத்து, உரிந்து, அரித்தால் சேற்றுப்புண். பூஞ்சைக் களிம்பு போட்டு இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் தோல் மருத்துவர். கால் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போய், சூடானதும் எரிந்து வலித்தால் அது வேறு ரகம், அன்றைக்கே காட்டுங்கள். முதல் உலகப் போரில் நாள்கணக்காகப் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களுக்கு வந்ததால் ட்ரெஞ்ச் ஃபுட் என்று பெயர் பெற்றது இது. அதைத் தடுக்கத்தான் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடி ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது. ஆனால் பூட்ஸ் ஒழுகாவிட்டாலும் ஈர சாக்ஸை மாற்றாமலே கிடந்தால் இது வரும்.

## குறி 5: கடிக்கிறது

புதுச் செருப்பு கடிக்கும், நாளாக நாளாகச் சரியாகும் என்பது தோலுக்குச் சொன்னது. ரப்பர் பழகாது. முதல் நாள் கடித்த இடத்தில் முந்நூறாவது நாளும் கடிக்கும்.

கெண்டைக்காலில் சிவப்பு வளையம் விழுந்தால் பூட்ஸ் வாய் உரசுகிறது. முழங்கால் வரை வரும் சாக்ஸ் போட்டாலே தீரும். தீராவிட்டால், பிவிசி பூட்ஸில் மேல்விளிம்புக்குக் கீழே வரிவரியாக மேடு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு வரியோடு கத்தரித்து உயரத்தைக் குறைக்கலாம். துணி வைத்த இயற்கை ரப்பரில் இதைச் செய்யாதீர்கள், வெட்டிய துணி விளிம்பு தண்ணீர் உறிஞ்சும்.

குதிகால் கொப்புளித்தால் பூட்ஸ் பெரிது. நடக்கும்போது குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறது. கெட்டியான இன்சோல் ஒன்று போட்டுப் பாருங்கள். விரல் நுனி இடித்தால் பூட்ஸ் சிறிது, அதற்கு வழியே இல்லை. அடுத்த முறை சாயங்காலம், போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, அளவு பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொப்புளம் சின்ன விஷயம் இல்லை; ஊசியால் குத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## குறி 6: கழற்ற வரவில்லை

ஆங்கிலத்தில் ஒரு வேலையில் முழு பலத்தையும் காட்டு என்பதற்கு 'கிவ் இட் சம் வெல்லி' என்று வெலிங்டன் பூட்ஸை வைத்தே ஒரு சொல்வழக்கு உண்டு. அந்த வெலிங்டனைக் கழற்றும்போது மட்டும் அது உதவாது. இழுக்க இழுக்க உள்ளே காற்று போக வழியில்லாமல் கால் இன்னும் இறுகும்.

உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே இரண்டு பக்கமும் விரலால் நெருக்கி விடுங்கள். பூட்ஸ் முட்டை வடிவமாகி முன்னும் பின்னும் இடைவெளி விழும், காற்று இறங்கும். பிறகு குதிகாலை முதலில் விடுவியுங்கள். குதிகால் ஏறிவிட்டால் மீதி தானாக வரும். பின்பக்கம் சின்னத் திட்டு இருந்தால் அது மிதித்துக் கழற்றுவதற்கென்றே வைத்தது. அது இல்லாத பூட்ஸை மறு காலால் மிதிக்காதீர்கள். தினமும் இதே பாடு என்றால், வி வடிவப் பள்ளம் வெட்டிய ஒரு பலகை போதும். குதிகாலை அதில் மாட்டி, மறு காலால் பலகையை மிதித்துக்கொண்டு இழுக்கலாம். சாக்ஸ் ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் கொஞ்சம் டால்க் பவுடரைத் தூவிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

சேற்றில் புதைந்த பூட்ஸ் வேறு. நேர்மேலே இழுத்தால் கால் மட்டும் வரும், சாக்ஸோடு அடுத்த எட்டு சேற்றில்தான் விழும். குதிகாலை மெல்ல அசைத்து, பின்பக்கம் காற்று நுழைய விட்டு, பிறகு குதிகாலை முதலில் தூக்குங்கள்.

கால் வீங்கி, வலியோடு மாட்டிக்கொண்டால், கீழே விழுந்து அடிபட்டிருந்தால் இழுக்கவே வேண்டாம். பூட்ஸை மேலிருந்து கத்தரித்து எடுக்க மருத்துவமனையில் தெரியும்.

## குறி 7: வழுக்குகிறது

சோலைத் திருப்பிப் பாருங்கள். பாதி நேரம், பிடிமானத்துக்காகத் துருத்தியிருக்கும் பட்டனுக்கு இடையில் சேறு அடைத்துக்கொண்டு சோல் வழவழப்பாகி இருக்கும். குச்சியால் நோண்டி, பிரஷ் போடுங்கள். அடுத்தது எண்ணெய்ப் படலம், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இரண்டும் இல்லை, மூக்குக்கு அடியிலும் குதிகால் ஓரத்திலும் பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது என்றால் மாற்ற வேண்டியதுதான். மேல்பகுதி புதுசு மாதிரி இருக்கிறதே என்று இரக்கப்பட்டு வைத்திருந்து, விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர் எங்களிடம் ஒருவர் இருக்கிறார்.

## குறி 8: சோல் உதிர்கிறது

சில வருடம் பெட்டியிலேயே கிடந்த பூட்ஸ், எடுத்துப் போட்ட அன்றே சோல் மண்கட்டி போல உதிர்ந்தால் அது பாலியூரித்தேன். போட்டாலும் போடாவிட்டாலும் காற்றில் இருக்கும் ஈரம் அதை வருடக்கணக்கில் உள்ளிருந்தே உடைக்கும். பத்திரமாக எடுத்து வைத்ததற்குக் கிடைத்த தண்டனை போல இருக்கும். ஒட்ட முடியாது. இந்த வகையை வாங்கினால் போட்டுத் தேயுங்கள், சேர்த்து வைக்காதீர்கள்.

## குறியே இல்லாத ஆபத்து: "ரப்பர் தானே, ஷாக் அடிக்காது"

இதை யாரும் புகாராகக் கொண்டுவருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எஸ்4, எஸ்5 பூட்ஸ் உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடுவதற்கென்றே செய்தவை. அவை மின்சாரத்தை முழுதாகத் தடுப்பவை அல்ல. சாதாரண கம்பூட்ஸை இதற்கு யாரும் சோதிப்பதே இல்லை. உள்ளே வியர்வை, வெளியே தண்ணீர், நடுவில் ஒரு ஊசி ஓட்டை, அவ்வளவுதான். மின்கம்பி விழுந்த தண்ணீரிலோ, சுவிட்ச் பாக்ஸ் மூழ்கிய அறையிலோ பூட்ஸை நம்பி இறங்காதீர்கள். மின்துறைக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகு போங்கள். மின்வேலைக்கென்று தனியாகச் சோதித்து, வோல்ட் அளவு அச்சிட்ட பூட்ஸ் இருக்கிறது. அது அந்த வேலை தெரிந்தவர்களுக்கு.

## குறி 9: உள்ளே ஏதோ நகர்கிறது

காலை விடாதீர்கள். கையையும் விடாதீர்கள். வெளியே கொண்டுபோய், வாயை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கவிழ்த்து உதறுங்கள். தேளோ தவளையோ, போகிற வழியை விட்டு நில்லுங்கள். ஒன்றும் விழவில்லை என்றாலும் டார்ச் அடித்து மூக்கு வரை பார்த்துவிட்டே போடுங்கள். அடுத்த நாளிலிருந்து பூட்ஸைக் கவிழ்த்து மாட்டி வையுங்கள். நாற்பது ஜோடிக்கும் நாங்கள் சுவரில் மரக்குச்சி அடித்து வைத்திருக்கிறோம்; முன்பு பூட்ஸில் குடியிருந்த தவளை இப்போது என் குடை வாளியில் இருக்கிறது.